அப்பா ஓட்டிய அம்பாசிடர், 18 சென்டிமீட்டரில்

போன இதழில் மாடல் கார் கட்டுவதைப் பற்றி நாலு வரி எழுதி, சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். அம்பாசமுத்திரத்திலிருந்து திசையன்விளை வரை கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன், படித்தால் ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: என் அப்பா 1980-களில் அம்பாசமுத்திரத்தில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினார். கருப்பு வண்டி, மேலே மஞ்சள். குற்றால சீசன் வந்துவிட்டால் வீட்டுக்கே வரமாட்டார். அந்த வண்டியை விற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. தை மாதக் கடைசியில் அவருக்கு 75 வயது நிறைகிறது. அந்த வண்டியைச் சின்னதாகச் செய்து கொடுக்க ஆசை. எனக்குத் தையல் தெரியும், வேறு கைவேலை தெரியாது. கையில் இருப்பது ஒரே ஒரு போட்டோ. எங்கே தொடங்குவது?
— வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தையல் தெரியும் என்கிறீர்களே, அப்படியானால் இந்த வேலையின் அடிப்படை உங்களுக்குத் தெரியும். அளவெடுத்து, காகிதத்தில் வெட்டி, வைத்துப் பார்த்து, அப்புறம்தானே துணியில் கத்தரி வைப்பீர்கள்? இதுவும் அதேதான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யப்போவது பொதுவாக ஓர் அம்பாசிடர் இல்லை, உங்கள் அப்பாவின் அம்பாசிடர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை வைத்து 1950-களின் இறுதியில் தொடங்கி, 2014 மே மாதம் வரை இந்த வண்டியைச் செய்தது. வெளித்தோற்றம் அப்படியே இருந்தது போலத் தெரிந்தாலும் மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று மாற மாற முன் கிரில், பக்க விளக்கு, பெயர் எழுத்து எல்லாம் மாறின. 1979-ல் மார்க் 4 வந்தது, 1990-ல் நோவா. 1980-களில் ஓட்டிய வண்டி என்றால் மார்க் 4 ஆக இருக்கலாம், பழைய வண்டியாக வாங்கியிருந்தால் மார்க் 3 ஆகவும் இருக்கலாம், அதனால் போட்டோவை எடுத்து ஒரு பூதக்கண்ணாடி வைத்து கிரில்லைப் பாருங்கள். கிரில் தவறினால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் உங்கள் அப்பா முதல் பார்வையிலேயே "இது நம்ம வண்டி இல்லையே" என்று சொல்லிவிடுவார்.

அடுத்தது அளவு. 24-ல் ஒரு பங்கு என்பது கார் மாடல்களில் பழகிய அளவு, நீங்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அம்பாசிடரின் நீளம் சுமார் 4325 மி.மீ., 24-ஆல் வகுத்தால் 180. அகலம் 1662, அது 69 ஆகும். உயரம் சுமார் 1600, அது 67-க்குள் வரும். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை 2464, அது 102.7. இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட நம்புவேன், காரணம் போட்டோவில் நம்மால் தெளிவாக அளக்க முடிகிற தூரம் அது ஒன்றுதான்.

உங்கள் போட்டோ பக்கவாட்டில் எடுத்ததாக இருந்தால் அதிர்ஷ்டம். சக்கர நடுவிலிருந்து சக்கர நடு வரை ஸ்கேல் வைத்து அளங்கள். 77 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2464-ஐ 77-ஆல் வகுத்தால் 32, அதாவது போட்டோவில் வண்டி 32-ல் ஒரு பங்காக இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் 133 சதவீதம் பெரிதாக்கச் சொன்னால் 24-ல் ஒரு பங்கு உங்கள் கையில் வந்துவிடும், அதுதான் உங்கள் பேப்பர் கட்டிங். வண்டிக்கு மிக அருகில் நின்று எடுத்த போட்டோவில் முன்பக்கம் பெருத்தும் பின்பக்கம் சிறுத்தும் தெரியும், அதை அப்படியே நம்பி வெட்டக் கூடாது. அப்படிப்பட்ட போட்டோ என்றால் கிரில், கேரியர், ஸ்டிக்கர் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொண்டு, உருவத்துக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஓர் அம்பாசிடரைத் தேடிப் போய், முடிந்தவரை தூரமாகத் தள்ளி நின்று, கதவின் நடு உயரத்துக்குக் குனிந்து, நேர் பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். கல்யாண ஊர்வலத்துக்கு விடுவதற்காகப் பழைய அம்பாசிடரைப் பளபளவென்று வைத்திருப்பவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள், கேட்டால் மகிழ்ச்சியாகக் காட்டுவார்கள்.

உடலை எப்படிச் செய்வது? அம்பாசிடரில் தட்டையான இடமே கிடையாது, அதனால் ஷீட்டை வெட்டி ஒட்டுவது சரிவராது. நான் சொல்வது மரத்தில் ஓர் அச்சுச் செதுக்குவது. பால்சா என்கிற மெத்தென்ற மரம் சீக்கிரம் அமுங்கிப்போகும், கொஞ்சம் இறுக்கமான, நார் தெறிக்காத கட்டை வேண்டும், உங்கள் ஊர்க் கடைசல் பட்டறைகளில் கேட்டால் மஞ்சக்கடம்புத் துண்டு கிடைக்கும். பேப்பர் கட்டிங்கை அட்டையில் ஒட்டி, பக்கவாட்டு உருவம், மேலிருந்து பார்க்கும் உருவம், குறுக்கே நாலைந்து இடத்தில் வெட்டினால் தெரியும் உருவம் என்று அச்சட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். செதுக்கச் செதுக்க அட்டையை வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும், இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே அட்டைக்கும் மரத்துக்கும் ஒத்துப்போகவில்லை. இடது மட்கார்டுக்கு வைத்த அட்டையையே திருப்பி வலது மட்கார்டுக்கு வையுங்கள், இரண்டுக்கும் தனித்தனி அட்டை வெட்டினால் முகம் கோணிவிடும்.

இந்த அச்சின்மேல் சூட்டில் இளகிய 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டை அழுத்தி எடுத்தால், உள்ளே குழிவான உடல் கிடைக்கும், ஜன்னல்களை வெட்டித் திறந்து உள்ளே சீட்டு வைக்கலாம். இதில் எல்லாரும் விடுகிற தப்பு ஒன்று உண்டு. ஷீட்டுக்கு 1 மி.மீ. தடிமன் இருக்கிறதே, அச்சை 69 மி.மீ. அகலத்தில் செதுக்கினால் உடல் 71 ஆகிவிடும். ரவிக்கைக்குத் தையல் இடம் விடுவதுபோல, இங்கே குறைத்து விட வேண்டும், அச்சு 67 மி.மீ. அகலம்தான். ஷீட் அழுத்தும்போது இன்னொரு ஆள் கூட இருக்கட்டும், கையுறை போடுங்கள், இளகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டினால் லேசில் ஆறாது.

சக்கரத்துக்கு நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம். சொப்புச் சாமான் கடைகிற ஊரில் இருந்துகொண்டு சக்கரத்துக்கு என்ன கவலை! அம்பாசிடருக்கு 5.90-15 டயர், 24-ல் ஒரு பங்கில் வெளிவட்டம் 27, 28 மி.மீ., உள்ளே ரிம் 16 மி.மீ.க்குக் கொஞ்சம் உள்ளே. படம் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தால் ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்து சக்கரம் கடைந்து கொடுப்பார்கள். டயருக்கு அரக்கு ஏற்ற வேண்டாம் என்று மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். ஓடுகிற டயர் பளபளக்காது, மங்கிய கருப்பாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள கிண்ண மூடிக்கு மட்டும் மினுமினுப்புப் போதும்.

வண்ணத்தில் மஞ்சள் முதலில், கருப்பு பின்னால், இதை மாற்றவே மாற்றாதீர்கள், கருப்பின்மேல் மஞ்சள் எத்தனை கோட் அடித்தாலும் பச்சை ஓடின மாதிரிதான் தெரியும். வெள்ளை பிரைமர், மேலே மஞ்சள், இரண்டு நாள் காய்ந்ததும் கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் வடிகிற அந்தக் காடி வரை மாஸ்கிங் டேப். டேப் ஓரத்தை நகத்தால் நன்றாகத் தேய்த்து ஒட்டிவிட்டு, உடனே கருப்பு அடிக்காமல், டேப் ஓரத்தில் இன்னொரு மெல்லிய மஞ்சள் கோட் அடியுங்கள். டேப்புக்கு அடியில் எங்காவது சந்து இருந்தால் அந்த மஞ்சளே புகுந்து அடைத்துவிடும், மஞ்சளில் மஞ்சள் புகுந்தால் யாருக்குத் தெரியும், அதற்குப் பிறகு அடிக்கிற கருப்புக்கு உள்ளே நுழைய வழி இருக்காது. இப்படி எடுத்த கோடு கத்தியால் வெட்டினதுபோல இருக்கும்.

உள்ளே முன்சீட்டு ஒரே நீள பெஞ்சு, கியர் கம்பி ஸ்டியரிங் தண்டில்தான் இருக்க வேண்டும், தரையில் கியர் வைத்துவிடாதீர்கள். டிரைவர் சீட்டு முதுகில் துண்டு போட்டிருந்தாரா, டாஷ்போர்டில் என்ன சாமி படம், கண்ணாடியில் என்ன தொங்கியது, மேலே கேரியர் இருந்ததா, இதெல்லாம் போட்டோவில் பாதி தெரியும், மீதியை அம்மாவிடம் கேளுங்கள்.

காலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காற்று அடங்காத இந்த ஆடியில் மரம் செதுக்குங்கள். ஆவணியில் ஷீட் அழுத்தி, ஜன்னல் வெட்டி, பட்டி பார்த்துத் தேயுங்கள். பெயிண்ட் முழுவதும் புரட்டாசிக்குள் முடிந்துவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் வீட்டுக்குள் உட்கார்ந்து சீட்டு, சக்கரம், கிரில். தையில் பாலிஷ் போட்டு மூட்டினால் சரியாக இருக்கும். ஏன் புரட்டாசிக்குள் என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

கேள்வி: பாகம் பாகமாக வருகிற 24-ல் ஒரு பங்கு ஜப்பான் மாடல் கிட் ஒன்று வாங்கி முதல்முறையாக ஸ்ப்ரே கேனால் அடித்தேன். போன கார்த்திகையில் அடித்த கருப்பு, வெளுத்துப் பனி படர்ந்ததுபோல ஆகிவிட்டது. அதைச் சுரண்டிவிட்டு இந்த ஆனியில் மறுபடி அடித்தேன், இப்போது ஆரஞ்சுப் பழத் தோல்போலச் சொரசொரப்பு. கேன் சரியில்லையா?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: கேன்மேல் தப்பு இல்லை, மாதத்தின்மேல்தான். இரண்டும் இரண்டு வேறு நோய்.

ஸ்ப்ரே பெயிண்டில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயிண்ட் அடித்த இடத்தைக் குளிரவைக்கிறது. மழைக்காலக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், அந்த ஈரம் குளிர்ந்த இடத்தில் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும், அதுதான் அந்த வெள்ளைப் படலம். நான் கட்டிய முதல் வண்டியும் கருப்புதான், ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழை விட்டதும் வராந்தாவில் வைத்து அடித்தேன், கண்முன்னாலேயே பத்து நிமிடத்தில் வண்டி சாம்பல் பூத்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. ஆனால் நீங்கள் அதைச் சுரண்டியிருக்க வேண்டியதில்லை. வெயில் அடிக்கிற ஒரு நாள் வரைக்கும் காத்திருந்து, மெதுவாகக் காய்கிற தின்னரையோ அதே வகையில் நிறமில்லாத பெயிண்டான கிளியர் கோட்டையோ பனித்துளி போல லேசாக மேலே அடித்தால், மேற்பரப்பு மறுபடி இளகி, உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறி, பெரும்பாலும் கருப்பு திரும்ப வந்துவிடும். என் வண்டியைத் தையில் அப்படித்தான் மீட்டேன்.

ஆனியில் நடந்தது இதற்கு நேர் எதிர். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் பக்கம் வறண்டு, வேகமாக வீசும். கேனிலிருந்து கிளம்பிய துளி வண்டியைத் தொடுவதற்குள்ளேயே பாதி காய்ந்துவிடுகிறது, விழுந்த இடத்தில் பரவாமல் புள்ளிப் புள்ளியாக நின்றுவிடுகிறது, தூரத்தில் நின்று அடித்தால் இன்னும் மோசம். 20 முதல் 25 செ.மீ. தூரம் போதும். கேனை அடிப்பதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில், கை பொறுக்கிற சூடுதான், ஐந்து நிமிடம் வைத்து எடுத்துக் குலுக்குங்கள், பெயிண்ட் இளகி நுண்ணிய துளியாக வரும். கொதிக்கிற தண்ணீரில் கேனை வைக்கவே கூடாது, வெடிக்கும். வண்டிக்கு வெளியே பொத்தானை அழுத்தத் தொடங்கி, வண்டியைக் கடந்து, வெளியே போன பிறகுதான் விட வேண்டும், வண்டியின்மேலேயே தொடங்கினால் அந்த இடத்தில் திட்டாக விழும்.

ஜன்னலை எல்லாம் சாத்தி அடிக்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அதற்குள் அடியுங்கள், அடித்ததும் ஈரத் துணியால் துடைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுங்கள், தூசி அண்டாது.

இப்போது இருக்கிற சொரசொரப்புக்கு ஒரு வாரம் காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் தண்ணீரும் விட்டுத் தேயுங்கள். பளபளப்பு முழுக்கப் போய் மங்கலாகிவிடும், பயப்படாதீர்கள், ரப்பிங் காம்பவுண்டு வைத்துப் பழைய பருத்தி பனியன் துணியால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வரும். ஓரங்களையும் மடிப்புகளையும் தொடாதீர்கள், அங்கே பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், இரண்டு தேய்ப்பில் பிளாஸ்டிக் எட்டிப்பார்க்கும். மடிப்புகளின்மேல் முதலிலேயே டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது என் பழக்கம்.

நம் ஊருக்குப் பெயிண்ட் மாதம் என்றால் தை, மாசி, பங்குனி. காலையில் பனி விலகி ஒன்பதரை பத்து மணிக்கு மேல், காற்றுக் கிளம்புவதற்கு முன். அடுத்தபடியாக ஆனி ஆடிக் காற்று ஓய்ந்த புரட்டாசி.

கேள்வி: தென்காசியில் முப்பது வருடமாகக் கார் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பேரன் ஒரு பிளாஸ்டிக் கிட் வாங்கி வந்து, தாத்தா நீங்களே பெயிண்ட் அடியுங்கள் என்கிறான். பட்டறையில் உள்ள என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டையே அடிக்கலாமா?
— வாசகர், தென்காசி

பதில்: அண்ணாச்சி, உங்கள் கைப் பழக்கத்துக்கு முன்னால் நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை, பிளாஸ்டிக்கைப் பற்றி மட்டும் இரண்டு விஷயம். என்சி தின்னர் தகரத்தை ஒன்றும் செய்யாது, இந்தக் கிட் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும், மேலே வெடிப்பு வெடிப்பாகக் கோடு விழும். கிட்டில் பாகங்களைக் கோத்திருக்கிற அந்தக் குச்சியை வெட்டி அதில் முதலில் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிரைமர் ஒன்று நடுவில் இருந்து, அதன்மேல் பனி மாதிரி மூன்று நாலு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடித்தால் என்சியும் நிற்கும். முதல் கோட்டையே ஈரமாக அடித்தீர்களோ, தின்னர் பிரைமரைத் தாண்டிப் போய்விடும். அடிக்கும் முன் பாகங்களைப் பாத்திர சோப்பில் கழுவிக் காயவைக்கச் சொல்லுங்கள், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பசை அதில் இருக்கும்.

இரண்டாவது, தடிமன். ஒரு காரின் பெயிண்ட் மொத்தமாக 100 மைக்ரான் பக்கம் இருக்கும், அதை 24-ஆல் வகுத்தால் நாலு மைக்ரான். நாம் எவ்வளவு மெல்லியதாக அடித்தாலும் அதைவிடப் பல மடங்கு தடிமன்தான். கதவு இடுக்கு உண்மை வண்டியில் 5 மி.மீ. என்றால் மாடலில் 0.2 மி.மீ., உங்கள் பட்டறைக் கையோடு ஒரு கனத்த கோட் அடித்தால் கதவே காணாமல் போய்விடும். அதனால் பெயிண்டுக்கு முன்னால் பிளேடின் முதுகுப் பக்கத்தால் எல்லா இடுக்கையும் இன்னொரு தடவை ஆழமாகக் கீறிக்கொள்ளுங்கள். காம்பவுண்டு போடும்போது பஃபிங் மெஷினை எடுக்காதீர்கள், சூட்டில் பிளாஸ்டிக் இளகும், கைதான். இரண்டு பாகம் கலக்கிற கிளியர் கோட் வேண்டவே வேண்டாம், அதில் உள்ள ஐசோசயனேட் என்ற நச்சு துணி முகமூடிக்கு நிற்காது, பேரன் பக்கத்தில் இருப்பான்.

பேரனுக்கு நீங்கள் அடித்துக் கொடுப்பதைவிட, அவன் கையைப் பிடித்து அடிக்கவைத்தால் நான் சந்தோஷப்படுவேன். அந்தக் கை வீச்சு எழுத்தில் வராது.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. ஜன்னலைச் சுற்றிய வெள்ளிக் கோட்டை சில்வர் பெயிண்டில் வரைந்தேன், சாம்பல் கலராகத் தெரிகிறது. உண்மையான குரோம் மாதிரி எப்படி வரும்?
— சங்கரன்கோவில்

பதில்: தம்பி, பெயிண்டில் வராது, உலோகத் தாள் ஒட்டினால்தான் வரும். இதற்கென்றே பேர்-மெட்டல் ஃபாயில் என்று ஒட்டும் பசையோடு விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் சாக்லேட் சுற்றி வருகிற மெல்லிய அலுமினியத் தாளே போதும், பின்னால் காகிதம் ஒட்டியிருந்தால் வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிடு. தங்கரேக்கு ஒட்டுகிற பசையை அதன் பின்பக்கம் மிக மெல்லியதாகத் தடவி, விரலில் பிசுபிசுப்பாகத் தெரியும்வரை காயவிடு. தேவையைவிட அகலமாக ஒரு பட்டை வெட்டி, ஜன்னல் விளிம்பின்மேல் வைத்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பல் குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் தேய். சுருக்கமெல்லாம் அமுங்கி, விளிம்பு அப்படியே மேலே எழுந்து தெரியும்போது, புது பிளேடால், பழைய பிளேடு தாளைக் கிழிக்கும், விளிம்பு ஓரமாக ஒரே இழுப்பு. மிச்சத்தை மெதுவாக உரி. முதல் ஜன்னல் சரியாக வராது, நாலாவது ஜன்னல் வந்துவிடும். பிளேடு வேலை செய்யும்போது மட்டும் வீட்டில் பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: எஞ்சினில் வயர் எல்லாம் போடுவது அவசியமா? பானெட்டைத் திறந்தால்தானே தெரியும்?
— வள்ளியூர்

பதில்: பானெட் திறக்கிற மாடல் என்றால் அவசியம். நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் கண்ணில் படுகிற தடித்த வயர் ஐந்தேதான், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் ஓரத்திலிருந்து நாலு பிளக்குக்கு நாலு, மூடியின் நடுவிலிருந்து இக்னிஷன் காயிலுக்கு ஒன்று. உண்மையான வயர் 7 மி.மீ. தடிமன் என்றால் இங்கே 0.3, பழைய இயர்போன் வயரை உரித்தால் உள்ளே கிடைக்கிற நூல் அந்த அளவுக்கு வரும். அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினில் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கிற வரிசை 1-3-4-2. மூடியைச் சுற்றி அதே வரிசையில் வயரைச் செருகினால், மெக்கானிக் ஒருவர் குனிந்து பார்த்தால்கூடத் தலையாட்டுவார்.

அம்பாசமுத்திர வாசகியும் இதைப் படியுங்கள். மார்க் 4 காலத்தில் அம்பாசிடருக்கு டீசல் எஞ்சினும் வந்துவிட்டது, டாக்ஸிக்காரர்கள் அதை விரும்பி எடுத்தார்கள். டீசலில் பிளக் வயரே கிடையாது, அதற்குப் பதில் பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் மெல்லிய இரும்புக் குழாய் போகும். அப்பாவின் வண்டி பெட்ரோலா டீசலா என்று கேட்காமல் வயர் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: முன் கண்ணாடியை ஃபெவிக்விக் வைத்து ஒட்டினேன், மறுநாள் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் புகைபடிந்துவிட்டது.
— மேலப்பாளையம்

பதில்: அந்தப் பசை காயும்போது வருகிற ஆவி கண்ணாடியில் படிந்ததுதான் அது. லேசாக இருந்தால் காம்பவுண்டு தேய்த்துப் பார்க்கலாம். இனிமேல் கண்ணாடிக்குச் சாதாரண வெள்ளை ஃபெவிகால்தான், காய்ந்தால் பசை இருந்த இடமே தெரியாது, தப்பாக ஒட்டினாலும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

கேள்வி: எங்கள் ஊர்ச் செம்மணல் மேடான தேரியில் ஓடிய பழைய வண்டி மாதிரி, செம்மண் படிந்ததாகச் செய்ய ஆசை. தேரி மண்ணையே எடுத்துத் தூவலாமா?
— திசையன்விளை

பதில்: மண்ணை அப்படியே தூவாதீர்கள். அரை மில்லிமீட்டர் மணல் பரல் 24-ல் ஒரு பங்கு உலகத்தில் 12 மி.மீ. கல், வண்டிமேல் ஜல்லி கொட்டினதுபோல் இருக்கும். தேரி மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே உள்ள செந்நிறத் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்து, இரண்டு நாள் அசையாமல் வைத்தால் அடியில் குழம்பு மாதிரி ஒரு படிவு நிற்கும். அதைக் காயவைத்து மெல்லிய துணியில் சலித்தால் முகப்பவுடர் மாதிரி நைசான செம்பொடி கிடைக்கும், ஊர் நிறமும் அப்படியே இருக்கும். எந்தக் கடைப் பொடியைவிடவும் இது எனக்குப் பிடிக்கும்.

மங்கலான கிளியர் கோட் அடித்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் பூசுங்கள். எங்கே படியும் என்று பார்த்துப் பூச வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால் கதவின் கீழ்ப்பகுதியில் விசிறி மாதிரி, பின்பக்க டிக்கியில் மேலிருந்து கீழ்வரை, பம்பரின் மேல்தட்டில், கதவுக் கைப்பிடிக்கு அடியில். கைப்பிடியில் இருக்காது, தினம் கை படுகிற இடம். முன் கண்ணாடியில் வைப்பர் ஓடிய அரைவட்டத்தைச் சுத்தமாக விட்டு, சுற்றிலும் பூசுங்கள், அதற்கு அந்த அரைவட்ட வடிவில் டேப் வெட்டி ஒட்டிவிட்டுப் பூசி, அப்புறம் உரித்தால் போதும்.

கேள்வி: அம்பாசிடரை விட்டுவிட்டு வேறு எந்தப் பழைய இந்திய வண்டி முதல்முறை செய்பவருக்கு எளிது? பத்மினியா, ஹெரால்டா?
— திருநெல்வேலி டவுன்

பதில்: பத்மினி. தளங்கள் ஓரளவு தட்டை, மடிப்புகள் கூர்மை, ஷீட்டை வெட்டி ஒட்டியே பெரும்பகுதி வந்துவிடும். பம்பாயில் பிரீமியர் கம்பெனி செய்த ஃபியட் 1100-தான் அது, ஃபியட் என்ற பெயரில் வந்து, 1970-களில் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, அப்புறம் பத்மினி ஆனது, அதனால் எந்த வருட வண்டி என்று முடிவு செய்துவிட்டுப் பெயர் எழுத்தை ஒட்டுங்கள். சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-லிருந்து செய்த ஹெரால்டு, இத்தாலிக்காரர் மிகெலோட்டி வரைந்த உருவம், பார்க்க மிக அழகு. அதற்குச் சேசிஸ் தனி, பானெட் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழும், அந்தக் கீல் வேலை செய்ய வேண்டுமே. இரண்டாவது வண்டியாக அதை எடுங்கள்.

கடைசியாக, அம்பாசமுத்திர வாசகி கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஒரு வரி: *போட்டோவில் நம்பர் பிளேட் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் செய்கிறேன், நம்பரை எப்படிக் கண்டுபிடிப்பது?*

பழைய ஆர்சி புத்தக நகல், பெர்மிட் தாள், இன்சூரன்ஸ் ரசீது ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடக்கும், அம்மாவிடம் சொல்லித் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அப்பாவிடமே பேச்சோடு பேச்சாக அந்த வண்டியைப் பற்றி ஆரம்பியுங்கள், நம்பரைக் கேட்கவே வேண்டாம், முப்பது வருடம் கழித்தும் அவரே சொல்லிவிடுவார், அதோடு எந்த வளைவில் எந்த வருடம் பஞ்சர் ஆனது என்பதையும் சேர்த்து. அப்போது பெட்ரோலா டீசலா என்பதும் தெரிந்துவிடும்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. இப்போது டாக்ஸிக்கு மஞ்சள் பிளேட், சொந்த வண்டிக்கு வெள்ளை. இந்த வழக்கம் 2000-க்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால் சொந்த வண்டிக்குக் கருப்புப் பிளேட்டில் வெள்ளை எழுத்து, டாக்ஸிக்கு வெள்ளைப் பிளேட்டில் கருப்பு எழுத்து. உங்கள் அப்பாவின் வண்டிக்கு வெள்ளையில் கருப்புதான். எழுத்தும் டிஎன் 72 மாதிரி இருக்காது, அந்த முறை 1989-க்குப் பிறகுதான், அதற்கு முன் மூன்று எழுத்தும் எண்ணும். 500-க்கு 120 மி.மீ. பிளேட் இங்கே 21-க்கு 5 மி.மீ. அன்றைக்கு அந்தப் பிளேட்டைப் பெயிண்டர் ஒருவர் கையால்தான் எழுதியிருப்பார், எழுத்து ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின்னாக இருந்திருக்கும், அதனால் கம்ப்யூட்டர் எழுத்தில் அச்செடுக்காதீர்கள். வெள்ளைத் தாளில் பெரிதாகக் கையால் எழுதி, ஜெராக்ஸில் சின்னதாக்கி, வெட்டி ஒட்டுங்கள்.